கடலுக்குள் யார் சொல்வது?

எங்கள் வீட்டில் பேச்சு பல தினுசு. அம்மாவிடம் நான் தினமும் வாங்குவது பேச்சு. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்தது பேச்சு. பள்ளி மேடையில் ஏறி எல்லாம் மறந்து நின்றேனே, அதுவும் பேச்சுதான். எல்லாவற்றிலும் பெரியது, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இல்லாமல் போன பேச்சு. அம்மன் பல்லக்கின் முன்கொம்பை யார் தூக்குவது என்று எங்கள் ஊரூர் குப்பமே பார்க்க மோதிக்கொண்டார்கள், அன்றோடு சரி.

ஆனால் இருவருக்கும் ஒரே படகு, ஒரே வலை. அதனால் நடுவில் நான்.

"வலை கிழிஞ்சி கீதுன்னு அவனாண்ட சொல்லு" என்பார் அப்பா, சித்தப்பாவின் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று.

"எனக்கும் கண்ணு கீதுன்னு உங்க நைனாவாண்ட சொல்லு" என்பார் சித்தப்பா.

இரண்டையும் அப்படியே சொல்வேன். பெருமையாக இருக்கும். இருவரும் மீன்பிடிக்கப் போயிருந்தபோது கடல் கொந்தளித்த ஒரு காலையில்தான் பயம் பிடித்தது: அங்கே இவர்களுக்கு யார் சொல்வது?

"நானும் படகுல போயிருக்கணும்மா."

"மீனு சொல்லும் அவங்களுக்கு. சும்மா கெட."

கரைக்கு ஓடினேன். அலை கூரை உயரத்துக்கு எழுந்து உடைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன ஆடியில் அங்கேதான் படகு கவிழ்ந்து செத்துப்போனார்.

எங்கள் படகு வந்தது. அப்பா முனையில், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். சித்தப்பா பின்னால், என்ஜினைப் பிடித்தபடி. தன் முதுகுக்குப் பின்னே எழும் அலையைச் சித்தப்பா பார்க்கவேயில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மாதக்கணக்காகப் பார்க்காத முகம்.

அப்பாவின் கை மெல்ல உயர்ந்தது. என்ஜின் முனகி அடங்கியது. படகு நின்றது, காற்று நின்றது, நான் நின்றேன். பச்சைச் சுவராய் எழுந்த தண்ணீர் அவர்களுக்கு அடியில் நுழைந்து, தூக்கி, விட்டுவிட்டு, முன்னால் போய் இடிந்தது. கை விழுந்தது. என்ஜின் அலறியது. அந்த அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டே மணலில் வந்து மோதினார்கள்.

இறங்கியதும் அப்பா என்னைத் தேடினார். "என்ஜின தூக்க சொல்லு அவன."

சித்தப்பா ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பறந்தேன். "அம்மா, நைனாவும் சித்தப்பாவும் பேசிக்கினாங்க!"

"இன்னாடி பேசினாங்க?"

"கூர ஒசரம் அலை வந்துச்சிம்மா, நைனா இப்டி!" என்று அப்பாவைப் போலவே கையை உயர்த்திக் காட்டினேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அரிசி களைந்த ஈரக் கையால் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்; இறக்கியவள் விடவேயில்லை. நல்ல சேதி கொண்டுவந்தவளை ஏன் இப்படி இறுக்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.