வில்லனைத் திட்டிய சீட்டுக்காரர்

போன வருஷம் செஞ்சி டூரிங் டாக்கீஸில் ஒரு பழைய படம் பார்த்தோம். பேராசை பிடித்த ஃபைனான்ஸ் முதலாளி ஒருவன் ஊரார் பணத்தைச் சுருட்டும் கதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு சீட்டுக்காரர், "பாவி, ஏழைங்க வயித்துல அடிக்கிறானே!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சினிமாவுக்கே இப்டி அழுவுறாரு, நம்மள ஏமாத்துவாரா இன்னா?" என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். வேர்க்கடலை விற்ற பணத்தையெல்லாம் அவரிடமே சீட்டுக் கட்டினோம்.

தீபாவளிக்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அவனுக்கென்ன இனி மரியாதை! அன்றைக்குப் படம் பார்த்து அழுதானா, தொழில் கற்றுக்கொண்டானா?

இப்போது எங்கள் பணம் தபால் ஆபீசில்தான். டாக்கீஸில் யாராவது வில்லனைத் திட்டி அழுதால், நான் இடுப்பிலிருக்கும் சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.