தன்னையே எதிர்கொண்ட துப்பாக்கிக்காரன்

மூன்றாம் மாடி அக்கா (1948–2019). தொழிலால் மின்தூக்கி ஆய்வாளர். விருப்பத்தால், மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிட்டு ஆடும் எங்கள் மேசைப்போர்க் கழகத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பொம்மை வீரனையும் மதிப்பிட்டு, களத்தில் இறங்கத் தகுதி உண்டா இல்லையா என்று சொன்னவர்.

அவருக்கு இந்தப் பெயர் வந்த வகை இது. கழகம் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். தரைத்தளத்தில் சலவைக்கடை, அதன் நீராவி படிக்கட்டு வழியே மேலேறி வரும். அலுவலகங்கள் மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மின்தூக்கியைச் சோதித்துத் தரும்படி கட்டடக்காரர் கேட்டுக்கொண்டதால் அவர் வந்திருந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே ஏறியவருக்கு, மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது எதிரே ஒரு நாடு தெரிந்தது. பச்சை மலைகள். அவற்றின் நடுவே கண்ணாடித் துண்டுகளால் ஆன ஆறு. ஆற்றங்கரையில் கட்டைவிரல் உயர மனிதர்கள் கொடிகளோடும் குதிரைகளோடும் எதற்கோ காத்திருந்தார்கள். சலவைக்கடையின் ஆவி சன்னல் வெயிலில் மூடுபனியாகி அந்த மலைகளின்மேல் மெல்ல நகர்ந்தது. கதவுப் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் அவர் நின்றுவிட்டார். கீழே கட்டடக்காரர் கதவைத் தட்டத் தொடங்கிய பிறகே விரலை எடுத்தார். ஆனால் உள்ளேயே நிற்கவில்லை, வெளியே வந்துவிட்டார். மின்தூக்கி அவரில்லாமல் இறங்கிற்று.

அவருடைய தொழிலைப் பற்றி ஒரு சொல். மின்தூக்கியை ஆய்வு செய்பவர் அதன் உள்ளே நிற்பதைவிடக் கூரையின்மேல் நிற்பதே அதிகம். மின்தூக்கி ஏறி இறங்கும் இருண்ட குழிக்குள் கைவிளக்குடன் அவர் நிற்க, மாடிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துபோகும். மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து தட்டச்சு ஒலி, குழந்தை அழுகை, யாரோ யாரையோ கோபிக்கும் குரல் எல்லாம் வந்து வந்து கரையும். எஃகு வடத்தின்மேல் விரல்நுனியை வைத்தே அதன் அதிர்வைக் கொண்டு பழுதை அறிந்துவிடுவார். “விழவே விழாதுன்னு எழுதித் தர்றது என் வேலை இல்ல. விழுந்தா எங்க நிக்கும்னு சொல்றதுதான் என் வேலை” என்பார். பொம்மைகளையும் அவர் இதே கண்ணால்தான் பார்த்தார்.

எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இருவர் படைகளின் மொத்தப் புள்ளியும் சமமாக இருக்கவேண்டும். வலியவனை வைத்துக்கொண்டால் எண்ணிக்கை குறையும். உறுப்பினர் எவரும் தாமே ஒரு வீரனைச் செதுக்கி, அவனுக்குரிய விதியையும் விலையையும் எழுதித் தரலாம். அவனை மூன்று முறை மோதவிட்டுப் பார்ப்பது கழகத்தின் வழக்கம்: எளியவரோடு ஒருமுறை, வலியவரோடு ஒருமுறை, கடைசியாகத் தன்னைப் போன்ற இன்னொருவனோடு ஒருமுறை. மதிப்பிடுபவர் விதியைத் திருத்தக்கூடாது, விலையை மட்டும் மாற்றலாம். ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம். முடிவு சொல்லுமுன் படைத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதுவரை இருவரும் அந்த வீரனைப் பற்றித் தமக்குள் ஒரு சொல்லும் பேசக்கூடாது.

அக்காவின் கைக்குப் போனவற்றில் பாதிக்குமேல் திரும்பி வந்தன. “அக்காகிட்ட போன பொம்மை அழுதுகிட்டேதான் வீட்டுக்கு வரும்” என்று எங்கள் உறுப்பினரான அடுமனைக்காரர் சொல்வார். அவருடைய பறக்கும் யானை இருமுறை அழுதுகொண்டு வந்தது.

அக்காவின் கணவர் பல்செட் செய்பவர். மெழுகையும் அரத்தையும் பிடித்துப் பழகிய அந்தக் கையால், கழகத்தில் பாதிப்பேருடைய பொம்மைகளுக்கு முகம் கொடுத்தவர். ஆனால் தமக்கென்று ஒன்றைப் படைத்ததில்லை. “அடுத்தவன் வாய்க்குப் பல் கட்டியே பழகிட்டேன்” என்று சிரித்துவிடுவார். 2013இல் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. கண் மங்குகிறது என்று வீட்டில் காரணம் சொல்லித் தொழிலை நிறுத்தினார். கழகத்தில் அனைவருக்கும் உண்மை தெரியும். மனைவிக்கு மட்டும் தெரியாது என்று நம்பினார். மனைவி எதிரே வந்தால் கை சட்டைப்பைக்குள் போய்விடும்.

அந்த நடுக்கத்தோடுதான் அடுத்த ஆண்டு அந்தத் துப்பாக்கிக்காரனைச் செதுக்கினார். நீண்ட அங்கி, புருவத்தை மறைக்கும் தொப்பி, இடுப்பின் இருபுறமும் உறையில் துப்பாக்கி, அவற்றின்மேல் தொட்டும் தொடாமலும் நிற்கும் விரல்கள். சற்றே திறந்த வாயில் ஒரு பல் மட்டும் பொன்னிறம். அவனை எங்கே வைத்தாலும் அவனைச் சுற்றி ஒரு மௌனம் கூடிவிடும். பின்னால் மணல்வெளியும் நீண்ட பகலும் இருப்பதுபோலத் தோன்றும். விதியை ஒரே வரியில் எழுதியிருந்தார்: எவரேனும் இவனைச் சுட முனைந்தால், அவர் சுடுமுன் இவன் சுடுவான். விலை நாற்பது புள்ளி.

கொடுக்குமுன் அடுமனைக்காரரிடம் காட்டினார்.

“மாமா, இவனும் அக்காகிட்டதானே போவான்? வேற யாரையாவது மதிப்பிடச் சொல்லுவோமா?”

“வேற யார் சொன்னாலும் அது நிக்காதுய்யா. அவ சொன்னாதான் நிக்கும்.”

“திருப்பி அனுப்பிட்டா?”

“அலமாரியில பல்லோட பல்லா இருப்பான். இனிமே என்னால ஒரு மூக்கு செதுக்க முடியாது. இவன் ஒருத்தன்தான்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் மௌன விதி நடைமுறைக்கு வந்தது. அவர்கள் உப்பைப் பற்றிப் பேசினார்கள், குழாயைப் பற்றிப் பேசினார்கள், மருமகள் அனுப்பிய புகைப்படத்தைப் பற்றிப் பேசினார்கள். துப்பாக்கிக்காரன் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் அக்கா தேநீர் கொண்டுவருவார், வழக்கம்போல் அரை டம்ளர்.

“ஒரு வருஷமா கேக்குறேன், பால் விலை ஏறிப்போச்சாம்மா? பாதிதான் ஊத்துறே.”

“குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் பாதி தர்றேன்.”

முதல் மோதல் கல்லெறியும் குடியானவர்களோடு. துப்பாக்கிக்காரன் சிலரை வீழ்த்தினான். மற்றவர்கள் அவனைச் சூழ்ந்து சாய்த்தார்கள். நாற்பது புள்ளிக்குச் சரியான அளவு. இரண்டாவது, அடுமனைக்காரரின் இரும்புப் பூதத்தோடு. குண்டுகள் பூதத்தின் மார்பில் பட்டுத் தெறித்தன. அவன் குன்றின் பின்னால் ஒதுங்கித் தப்பினான். அதுவும் சரி. பல்செட்காரர் மூலை நாற்காலியில், கையைப் பைக்குள் வைத்தபடி, வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டு வந்தது.

மூன்றாவது மோதல் அடுத்த ஞாயிறு பிற்பகலில் நடந்தது. இன்னொரு துப்பாக்கிக்காரன் இல்லையாதலால், கணவர் பையில் எப்போதும் கிடக்கும் பிளாஸ்டர் கடைவாய்ப்பல் ஒன்றை வாங்கி ஆற்றின் மறுகரையில் நிறுத்தினார் அக்கா. இந்தக் கரையில் அவன். அந்தக் கரையில் அவனாகவே கருதப்படவேண்டிய பல்.

பல்லின் முறை முதலில் வந்தது. பல் சுட முனைந்தது. விதிப்படி அது சுடுமுன் இவன் சுடவேண்டும். ஆனால் இவன் சுட முனைந்தால், அதே விதிப்படி இவனுக்கு முன் பல் சுடவேண்டும். அதற்கு முன் இவன். அதற்கும் முன் அது. அக்கா பகடையைக் கையில் எடுத்தார், உருட்டவில்லை. எவருக்காக உருட்டுவது? திரும்ப வைத்துவிட்டார்.

பொம்மை படைக்கும் எவரும் செய்யும் பிழைதான் இது. தம் வீரன் எவரையெல்லாம் வெல்வான் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அவன் தன்னையே சந்திப்பான் என்று எண்ணமாட்டார்கள்.

“மாமா, உங்க ஆளு கடைவாய்ப் பல்லப் பாத்து மெரண்டுட்டான்!” என்றார் அடுமனைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாக நின்றது. மேசையின்மேல் எதுவும் அசையவில்லை. சலவைக்கடையின் ஆவி வந்து குன்றுகளை மூடி விலகியது. வெயில் ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடந்தது. துப்பாக்கிக்காரனின் நிழல் நீண்டு நீண்டு பல்லின் காலடியைத் தொட்டது. இருவரும் சுடுவதற்கு முன்னாலுள்ள அந்தக் கணத்துக்குள்ளேயே நின்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அந்தக் கணத்தை விட்டு வெளியே வர வழி தெரியவில்லை. உறக்கத்தில் படி இறங்கும்போது அடுத்த படி காலுக்குத் தட்டுப்படாமல் நிற்பதுபோல இருந்தது.

ஆட்டம் நகராவிட்டால் வீரன் படைத்தவரிடமே திரும்பவேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். மூலை நாற்காலியில் இருந்தவருக்கும் தெரியும். அவர் முகத்து வெளிச்சம் அணைந்திருந்தது.

அக்கா வடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல மேசை விளிம்பில் ஒரு விரலை வைத்தார். தம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“ஏங்க, ரெண்டு பேரும் இப்படியே நின்னுகிட்டு இருந்தா, அப்புறம் என்ன ஆகும்?”

 கணவர் பைக்குள் இருந்த கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்தார்.

“கை நடுங்கும்” என்றார்.

“யாருக்கு?” என்றார் அடுமனைக்காரர்.

“யாருக்கா இருந்தாலும். சுடும்போது நடுங்காது. சுடாம வெச்சிருக்கான் பாரு, அப்பதான் நடுங்கும். எவனுக்கு முதல்ல நடுங்குதோ அவன் கைய எடுத்துட்டுத் திரும்பி நடந்துடுவான். மத்தவன் முதுகுல சுட மாட்டான்.”

“அத விதியில எழுதியிருக்கலாம்” என்றார் அக்கா.

“எழுதினா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீ கேப்பே.”

“கேக்க மாட்டேன்” என்றார் அக்கா. “அரை டம்ளர் ஏன்னு இத்தனை நாளா கேட்டீங்களே. முழுசா ஊத்தினா உங்க சட்டைதான் குடிக்கும்.”

அடுமனைக்காரர் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

 பல்செட்காரர் எழுந்து வந்து, பையிலிருந்து கையை எடுத்து, எல்லோரும் பார்க்க மேசைமேல் வைத்தார். கையின் நடுக்கம் பலகைக்குள் இறங்கியது. பலகை அதிர, கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று உரச, அவற்றின்மேல் படிந்திருந்த வெயில் சிறுசிறு அலைகளாக நகர்ந்தது. அத்தனை ஆண்டுகளாக அசையாதிருந்த அந்த ஆறு ஓடிற்று. மறுகரையில் பல் மெல்லச் சுழன்று, முதுகைக் காட்டிச் சாய்ந்தது.

“அது போயிடுச்சு” என்றார் அக்கா. “இவன் சுடல. படைச்சவர் வாயால சொன்னதும் விதியோட சேத்திதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பகடை. ஒண்ணு விழுந்தா கை நடுங்கும். ஏத்துக்கிட்டேன். ஆனா நாப்பது இல்ல, அம்பது புள்ளி.”

“அம்பதா! கை நடுங்குறவனுக்கு அம்பதா?”

“முதுகுல சுடாதவனுக்கு.”

“பொண்டாட்டிதானேன்னு நம்பிக் கொடுத்தேன் பாருங்கய்யா!” என்று அவர் எங்களிடம் முறையிட்டார். ஆனால் அன்று மாலை துப்பாக்கிக்காரனை அவரேதான் களத்துப் பெட்டியில் எடுத்து வைத்தார். வைக்கும்போது பக்கத்திலிருந்த குதிரைகள் இரண்டைத் தட்டிவிட்டார். கையை மறைக்கவில்லை.

அதன்பின் பல ஞாயிறுகள் அவர்கள் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். அவர் கை வீரனை நகர்த்தினால் ஒரு படையே சாயும். ஆகவே அவர் வாயால் சொல்ல, அக்கா தம் படைக்கு எதிராகத் தாமே துப்பாக்கிக்காரனை நகர்த்தினார். ஒரு விரற்கடைகூடக் குறைத்து வைத்ததில்லை. அவன் தம் தளபதியை வீழ்த்திய நாள்களில், வீழ்ந்தவனை எடுத்து ஒழுங்காக ஓரத்தில் வைப்பார். பகடையை மட்டும் கணவரே உருட்டினார். “இதுக்கு நடுங்குற கைதான் தோது. குலுக்கவே வேணாம்” என்பார்.

துப்பாக்கிக்காரன் இப்போதும் பெட்டியில் இருக்கிறான். விலை ஐம்பது புள்ளி. மூன்றாம் மாடி அக்கா அவனைக் கடைசியாக ஆற்றங்கரையில் எடுத்து நிறுத்தியது 2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை.