பாதிச் சுற்று

ஏரி நடுவே நங்கூரம் போட்ட படகைச் சுற்றி வருகிறது பரிசல். துடுப்பு போடும் வெள்ளைத்துரையின் கண், அந்தப் படகின் கம்பத்து உச்சியில் எரியும் வெள்ளை விளக்கை விட்டு நகர்வதில்லை. கூரையோ தூணோ எந்தப் பக்கத்திலாவது விளக்கை மறைத்தால் தாவி ஏறிவிடுவார். கம்பத்தை நகர்த்திக் கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றுவார். பிறகுதான் அடுத்த படகு.

ஊர் சிலமலை. இருபது வருசம் போடிமெட்டு வளைவுகளில் ஏலத்தோட்டத்து ஜீப்பு ஓட்டியவர். மஞ்சு மூடிய ஒரு காலையில், பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் மோதி முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். இப்போது மலைமேல் ஏரியின் படகுத்துறையில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தப் பல்லிடுக்கு வழியாகத்தான் சட்டம் பேசுவார்.

"ஓடுற படகுக்குத்தான் செவப்பு, பச்சையெல்லாம். துறையோட கட்டிக் கெடந்தா ஒண்ணும் வேணாம். நடுத்தண்ணியில நிக்கிறதுக்கு ஒத்த வெள்ளை. ஆனா சுத்தியும் தெரியணும் மாப்ளே!"

துறை மேற்பார்வை தங்கபாண்டிக்கு இது வேடிக்கை. எல்லாம் சூரிய விளக்குகள். இருட்டினால் தாமே எரியும். "சாமி சுத்துற மாதிரி எதுக்குண்ணே தெனமும் சுத்துறீக?"

"சாமி மேல யாரும் வந்து முட்ட மாட்டாக."

போன வெள்ளிக்கிழமை பறிக்க வேண்டிய ஏலக்காய் நிறைய. அக்கரைத் தோட்டத்துக்குப் போன பெண்கள் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. பன்னிரண்டு பேர், அதில் வெள்ளைத்துரையின் மனைவி ராமுத்தாயும் ஒருத்தி. மஞ்சு திபுதிபுவென்று இறங்கியது. ஏரி நடுவே நின்ற லோடு படகின் விளக்கு, துறையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று எரிந்தது.

"அதான் தெரியுதுல்லண்ணே, விடுங்க. ஊருக்கு எறங்குற ஜீப்பு கெளம்பப் போகுது."

"இந்தா வந்துர்றேன்."

பரிசல் பாதிச் சுற்று வந்ததும் விளக்கைக் காணோம். கம்பத்தில் ஏதோ கறுப்பாகத் தொங்கி, அக்கரைப் பக்கத்தை மட்டும் முழுசாக மறைத்திருந்தது. அதே பக்கமிருந்து இன்ஜின் படபடப்பு. கூடவே பெண்களின் சிரிப்பு. சத்தம் நேராக இங்கேதான் வந்துகொண்டிருந்தது.

பரிசல் கவிழ்ந்தாலும் கவிழட்டும் என்று தாவினார். விளிம்பைப் பிடித்து ஏறி, அந்தக் கறுப்பை ஒரே இழுப்பாக இழுத்தார். வெளிச்சம் மஞ்சுக்குள் பாய்ந்தது. "ஏய்ய்!" என்று படகோட்டி அலறினான். மோட்டார் படகின் மூக்கு வெடுக்கென்று திரும்பியது. ஒரு முழம் தள்ளி உரசாமல் போய் நின்றது.

முதலில் வந்தது ராமுத்தாயின் குரல். "யோவ், அது என் கொங்காணி! கிழிச்சுப்புடாத!"

மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் கொங்காணி. மத்தியானம் அக்கரையில் லோடு படகிலிருந்து உரமூட்டை இறக்கியபோது கம்பத்தில் காயப் போட்டவள், அப்படியே மறந்துவிட்டாள்.

"புருசனுக்கு வெளக்குக் கம்பம், பொண்டாட்டிக்குத் துணிக்கொடியா?" என்று கூட வந்த காளீஸ்வரி எடுத்துக்கொடுக்க, படகே சிரிப்பில் குலுங்கியது.

ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. லோடு படகின் கறுத்த இரும்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதையே பார்த்தாள். "நானாய்யா தொங்கவிட்டேன்?"

கரையில் ஜீப்பு ஹாரன் அடித்தது. "அண்ணே, வெரசா!" என்று தங்கபாண்டி கத்தினான்.

வெள்ளைத்துரை கொங்காணியை உதறி மடித்து அவள் கையில் கொடுத்தார். பரிசலில் இறங்கினார். கரையைப் பார்த்து, ஒரு நிமிசம் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பாக்கியிருந்த பாதிச் சுற்றுக்குத் துடுப்பைப் போட்டார்.