கரண்டு வைக்க வராதவர்கள்

ஆஸ்பத்திரிக்கு வராத நோயாளியைப் போனில் கூப்பிட்டு, "தயவுசெய்து வாருங்கள்" என்று கெஞ்ச எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நம் பக்கம் டாக்டரை அல்லவா நாம் கெஞ்ச வேண்டும்! அமெரிக்காவில் இந்த வேலைக்கு பேஷன்ட் நேவிகேட்டர் என்று பெயர். வழித்துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும் கறுப்பினத்தவர் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்றுதான் என்னை வைத்திருக்கிறார்கள்.

லொரெட்டா அப்படி நின்றவர். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, மார்பில் புற்று. வண்டி வசதி இல்லையாக்கும் என்று நானே முடிவுகட்டி டாக்ஸி அனுப்பினேன். அது காலியாகத் திரும்பியது. நேரில் போனேன். வாசலில் நின்ற காரைக் காட்டி, "நான் உன்னிடம் டாக்ஸி கேட்டேனா?" என்றார். பிறகு சட்டையை விலக்கினார். "எரிகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். சிவக்கவே இல்லையே என்றார்கள்." சிவக்கணுமாம், சிவக்க! கறுத்த தோல் எங்கே சிவக்கும்? வெந்து, இன்னும் கறுத்து, உரிந்து கிடந்தது. அன்றே டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

எங்கள் சின்னம்மாவுக்கும் இதே நோய்தான். கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மலையிறங்கிப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் தங்கிக் 'கரண்டு' வைத்துக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கரண்டு விழ வேண்டிய இடத்தில் மையால் கோடு போட்டு, அழித்துவிடாதே என்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பங்காளி வீட்டில் சாவு, ஊருக்கு வந்தாள். தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியுமா? முழுகினாள், கோடு மங்கிவிட்டது. சித்தப்பா பதறிப்போய், இனி எந்தத் தண்ணீருக்கும் கோடு அழியக் கூடாது என்று, சலவைத் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாற்றை எடுத்து அந்தத் தடத்தின் மேலேயே கோடு இழுத்துவிட்டார். பாவி மனுஷன், பாசத்தில்தான் செய்தார். தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிட்டது. "மலை ஆளுங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. புண்ணு ஆறட்டும், அப்புறம் வா" என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறார்கள். புண் ஆறி எத்தனையோ நாளாகிறது. சின்னம்மா திரும்பிப் போகவில்லை.

போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சித்தப்பாவக் கூட்டிட்டுப் போங்க சின்னம்மா."

"என்னய வஞ்சாப் பரவால்ல கண்ணு. அந்த மனுசனத் திட்டறாங்க. தலையக் குனிஞ்சுட்டு நிக்கறாரு, பாக்க முடியல."

நான் போய் நிற்கலாம் என்றால், விசா மாறும்வரை நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள். இங்கே யாரோ ஒருவருக்காக டாக்டரிடம் சண்டை போடுகிறேன். என் சின்னம்மாவுக்கு ஒரு வார்த்தை பேச ஆளில்லை. என்ன பிழைப்பு இது?

சண்டை பலித்தது. புண்ணுக்கு மருந்து தந்து ஆற்றி, லொரெட்டாவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நானும் கூட வர வேண்டும் என்றார் அவர். இன்று காலை போனேன். அவர் உள்ளே போனதும், வராந்தாவிலிருந்த போனில் கார்டு போட்டு ஊருக்குக் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். சொல்லிவைத்தபடி சோளக்காட்டு போன் பூத்தில் சின்னம்மா காத்திருந்தாள். இப்போது இருமல் வேறு. லொரெட்டாவின் கதையை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"அந்தம்மா வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. உள்ள இருக்காங்க."

"நல்லதாப் போச்சு. தனியா உட்டுட்டுப் போயராத சாமி."

"நீங்க எப்பப் போறீங்க சின்னம்மா?"

"நீ வந்தீன்னா போலாம்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கதவு திறந்தது. லொரெட்டா சுவரைப் பிடித்தபடி வந்து, என்னை நோக்கிக் கை நீட்டினார். ஒரு கையை அவரிடம் கொடுத்தேன். இன்னொரு கையில் போன் இருமிக்கொண்டே இருந்தது.