ஜூலையில் பிறக்கும் வருஷமும் கோமதி கல்யாணமும்

மெல்பர்னில் எங்கள் ஆபீசுக்கு வருஷம் ஜூலை ஒன்றாம் தேதி பிறக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலையில், வெளியே குளிர்மழை கொட்டிக்கொண்டிருக்க, மேலாளர் மார்கரெட் ஒரு கேக்கை வெட்டி வைத்து, "ஹேப்பி நியூ இயர்!" என்றாள். கேலி செய்கிறாளோ என்று முழித்தேன். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி விற்கும் கம்பெனி அது. விற்பனையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, காலாண்டு வாரியாக ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை முதல் காலாண்டு. ஜூனோடு கணக்கு மூடல். நல்ல குளிர்காலத்தின் நடுவில் வருஷத்தை வகிர்ந்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு.

சிரிக்க எனக்கென்ன யோக்கியதை? எண்பதுகளில் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனி முதலாளிக்கு வருஷம் சித்திரையில் பிறக்கும். அடுத்த தெரு பஞ்சு வியாபாரிக்குத் தீபாவளியில். போன வருஷம் யாருக்கு வியாபாரம் அதிகம் என்று இருவரும் டீக்கடையில் சண்டை பிடித்தால், ஆண்டவனே வந்தாலும் தீர்த்துவைக்க முடியாது. பிறகு, எல்லோருக்கும் ஏப்ரல் ஒன்றுதான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. முதலாளி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, பங்குனி முடியாம வருசம் எப்படி முடியும்? மிச்ச நாளை எங்க கொண்டுபோய்ப் போடுவ?"

"அடுத்த வருசத்துல சேத்துரலாம்யா."

"அப்ப ஒரே பங்குனிக்கு ரெண்டு வருசமா? நல்ல கூத்துதான் போ!"

பழைய பில்களை மாதவாரியாகப் பிரித்து, முந்தைய வருஷங்களையும் ஏப்ரல் கணக்குக்கு மாற்றி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டினேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் கல்யாணமாகி விமானம் ஏறினேன்.

அந்தக் கெட்டிக்காரி தலைகுப்புற விழுந்தது தங்கை கோமதியின் கல்யாணத்தில். அம்மா போன பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அக்கா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம் அவள். லீவு கேட்டேன். "வருகிற வருஷம் முதல் காலாண்டில் தாராளமாகப் போய்வா" என்றாள் மார்கரெட். அன்றைக்கே, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் நாள் பாருங்கள் என்று அப்பாவுக்கு எழுதிப் போட்டேன். காலை முழுக்க ஜூலைக் கணக்கு அடித்த அதே கை! கல்யாணம் என்றதும் புத்தி ராஜபாளையத்துக்கு ஓடிவிட்டது. அப்பா வைகாசி கடைசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்.

தேதியைச் சொன்னதும் மார்கரெட் பதறினாள். "ஜூனா? கணக்கு மூடும் நேரத்தில் நீ இல்லாமல் எப்படி?"

"முதல் காலாண்டு என்றீர்களே?"

"ஆமாம். அது ஜூலையில் வரும்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். கோமதி மூச்சுவாங்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏக்கா, ஒன் கம்பெனிக்கு வருசம் பொறந்தாத்தான் எனக்குத் தாலியா? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு!" என்று அழுதாள். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எண்ணிப் பார்த்தேன். வைகாசி கடைசியிலிருந்து ஆனி முடிய மூடலும் ரிப்போர்ட்டும். ஆடியில் எங்கள் ஊரில் தேர்தான் ஓடும், தாலி ஏறாது. ஆவணி மட்டுமே அந்த முதல் காலாண்டுக்குள் வசமாக உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் கோமதியின் குரலே வேறு. மாப்பிள்ளை ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு பார்ப்பவர்.

"அவிய வீட்டுப் பெரியவங்க முறுக்கிட்டுத்தான் நின்னாங்கக்கா. அவியதான், 'அங்க ஜூன்னா நமக்கு மார்ச்சு மாதிரி. மார்ச்சுல எங்க மேனேஜரு எனக்கே லீவு தர மாட்டாரு, பாவம், அந்த அக்கா என்ன செய்வாவ'ன்னு பேசி ஆவணிக்கு மாத்திட்டாவ."

முகம் பார்க்காத அந்த மனிதர்மேல் அன்றே எனக்குப் பாசம் வந்துவிட்டது. ஆவணியில் கோமதிக்குத் தலைபின்னிப் பூச்சூட்டி, என் கையாலேயே மணைக்கு அழைத்துப்போனேன்.

திரும்பும் நாளில் ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். ஜன்னல் வழியாகக் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் கண்டிப்பா வாரேன்டி" என்றேன்.

"எந்த வருசம்க்கா? மெல்பர்ன் வருசமா, ராஜபாளையம் வருசமா?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன். வண்டி நகர்ந்தது. கையை விடாமல் கூடவே நடந்துவந்தாள் கோமதி, பிளாட்பாரம் தீரும்வரை.