வெயிலிலும் பச்சையாக இருந்த பாசி

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில், பன்னிரண்டு வீடுகளும் பதின்மூன்று அபிப்பிராயங்களும் கொண்ட ஓர் அபார்ட்மெண்ட். அதைப் பெருக்கித் துடைக்கப் பாலக்கரையிலிருந்து ஒன்பது வருடமாக ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருகிறாள் ரஷீதா. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கணவர் போனபின் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அதனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அதிகம் பார்த்தது சுவர்ப்பாசியை. குளத்தில் வழுக்குமே, அது இல்லை. மதிலிலும் தொட்டியடியிலும் வெல்வெட் துணிபோல் படர்வது. குனிந்து பார்த்தால் எல்லாம் தனித்தனிக் குட்டிச் செடிகள். நுனியில் வெள்ளி பூசினாற்போல் ஒரு மினுக்கு. மழைக்குப் பின் சிவப்புக் காம்புகளில் சின்னச் சின்னப் பைகள் தலைகுனிந்து தொங்கும். பிறகு அவற்றிலிருந்து மாவைவிட மெல்லிய தூள் பறக்கும். கோடையில் கருகிக் கிடக்கும். செத்தது என்று நினைத்து ஈரக் கையை உதறினால், அந்த நாலு சொட்டில் காபி ஆறுவதற்குள் பச்சையாகிவிடும்.

செயலாளர் சேஷுவுக்கு அது பரம விரோதி. ஓய்வு பெற்ற ஆபீசர். அதட்ட ஆளில்லாமல் தவித்தவருக்குப் பெருமாளாகப் பார்த்துக் கொடுத்தது சங்கப் பதவி. போன கோடையில், காய்ந்த பாசியைக் கம்பி பிரஷால் தேய்க்க உத்தரவிட்டார். தேய்த்தாள். பொடி காற்றில் பறந்து எங்கும் படிந்தது. ஐப்பசி மழையில் பொடிக்கொரு செடி முளைத்தது. ஒரு சுவரின் சொத்தை நாலு சுவருக்கும் பிரித்துக் கொடுத்தவர் சேஷு. திட்டு வாங்கியவள் ரஷீதா.

இந்த வைகாசியில் கார் நிறுத்துமிடத்துச் சுவரில் நெடுக விரிசல். விரிசல் முழுக்கப் பாசி. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவர் முன்னாலேயே கூட்டம் கூடியது.

"பாசி வேர் விட்டுச் சுவரையே பிளந்துடுத்து," என்றார் சேஷு. "இவ ஒழுங்காத் தேய்க்கலை. வேலையைக் கான்ட்ராக்ட் கம்பெனிக்குக் குடுத்துடலாம்."

ரஷீதா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சார்... மத்த பாசியெல்லாம் வெயில்ல கருகிக் கிடக்குங்க. இது மட்டும்தான் பச்சையா இருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்! அவ்வளவு திமிர் அதுக்கு!"

"திமிர் இல்லங்க சார். அதுக்கு யாரோ தண்ணி குடுக்குறாங்க."

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மூன்றாம் மாடி ஹம்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு வேரே கிடையாது மாமா. ஒட்டிக்க ரோமம் மாதிரி நாலு இழை, அவ்வளவுதான். தண்ணியெல்லாம் இலையாலேயே குடிச்சுக்கும். எங்கேர்ந்து வரதுன்னு சித்த மேலே பாருங்கோ."

பன்னிரண்டு வீடும் அண்ணாந்து பார்த்தது. பச்சைக் கோடு நேராக ஏறி, முதல் மாடிக் குளியலறையில் போய் முடிந்தது. அது சேஷு வீடு.

"நான்சென்ஸ்! போன வருஷம்தான் இத்தாலியன் டைல்ஸ் போட்டேன்!"

"பாசிக்கு அது தெரியாதுங்களே சார்," என்றாள் ரஷீதா. சொன்னபிறகுதான் பயம் வந்தது. இனி பயந்து என்ன? "மொட்டை மாடியில உங்க பாத்ரூம் வால்வை ஒரு வாரம் மூடி வைக்கிறேன். அப்பவும் பச்சையா இருந்தா நானே நின்னுக்கறேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சேஷுவுக்கு மறுக்க வழியில்லை. காவிரியில் நீராடலாம் என்றால் அங்கே மணல்தான் இருந்தது. தம்பதி ஒரு வாரம் மச்சினன் வீட்டில் குளித்தார்கள். தினமும் காலையில் ரஷீதா துடைப்பத்தைத் தொடுமுன் சுவரைப் போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் பாசி வெளுத்தது. ஏழாம் நாள் சாம்பல். டைல்ஸை உடைத்தபோது, உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் தீர்மானம் ஒட்டியிருந்தார்கள். "செயலாளரின் இடைவிடாத கண்காணிப்பால் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்குச் சங்கம் நன்றி கூறுகிறது. துப்புரவுப் பணியாளரை மாற்றுவது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

ரஷீதா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். மனசு நிம்மதியாயிற்று. லிஃப்ட் ரிப்பேரை இவர்கள் ஒத்திவைத்து ஆறு வருடமாகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.