வெளியே தெரியாத தையல்

வளர வளர என் கீழ்த்தாடை இடப்பக்கமாகக் கோணிக்கொண்டே போனது. பேச்சு வந்தது, சாப்பாடு இறங்கியது. குலவை மட்டும் வரவில்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலில் பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வரும். "டயரு பஞ்சராயிருச்சு" என்று அண்ணன் மனைவி, என் மதினி, சிரிப்பார்.

மதுரையில் ஒரு டாக்டர் வாய்க்குள்ளேயே கீறி, பென்சில் கனத்தில் ஒரு கேமராக் குழாயை விட்டு, திரையைப் பார்த்தபடியே தாடை எலும்பை வெட்டி நேராக்கி, தகடு வைத்துத் திருகு முடுக்கினார். கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் குட்டி ரப்பர் வளையங்களால் இணைத்து அனுப்பினார்.

"ரெண்டு மாசத்துக்கு வாயைப் பெருசாத் திறக்காதீங்க. எலும்பு நகர்ந்தா மறுபடி ஆபரேஷன்தான்."

ஐந்தாவது வாரம் கோயில் பொங்கல் வந்தது. அடுப்புக்கு முன்னால் மதினி என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தையலக் காணோம். ஆப்ரேசனுன்னு ஆருகிட்டடி கதை விடுற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐந்து வாரமாகக் கஞ்சியை உறிஞ்சிக் கிடந்தவள் சொல்வது கதையாம்! ரப்பர்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உதட்டை இழுத்து உள்ளே தையல் போட்ட இடத்தைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பானை பொங்கியது.

சுற்றிலும் குலவை எழுந்தது. யோசிக்கவே இல்லை, நானும் போட்டேன். வந்தது! கணீரென்று, நீளமாக. மதினி தன் குலவையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் காதுக்குக் கீழே 'டக்'கென்றது. தாடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கலை அப்படியே போட்டுவிட்டு மதினிதான் என்னை பஸ் ஏற்றினார். அருப்புக்கோட்டையில் மாறி, காரியாபட்டி தாண்டி மதுரை சேரும்வரை என் தாடையைத் தன் முந்தானையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். ஒரு திருகு கழன்று, தகடு விலகியிருந்தது. அது என் எலும்பு என்பதையே என்னால் நம்ப முடியவில்லை.

"மறுபடி செய்யணும். அப்படி என்னதான் பண்ணுனீங்க?"

வாயைத் திறக்கப் பயந்து மதினியைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"குலவ போட்டா சார். இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் இவளுக்கு வந்துச்சு."